பெட் ஸ்கேனும் டியூமர் மார்க்கரும்: மார்பகப் புற்றுநோயின் போக்கைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்காகச் சேலம், பெங்களூரு, வேலூர், சென்னை என்று பயணப்படும் பெண்களும், துணைக்குச் செல்லும் கணவர்களும் பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. கேள்விகள் பலவாக இருந்தாலும் அவற்றின் அடியில் இருப்பது ஒன்றுதான்: இந்த நோய் இனி எப்படிப் போகும், அதை இப்போதே அறிய முடியுமா? ஓரளவு முடியும். ஆனால் அறிவதற்காக மட்டும் செய்யப்படும் சோதனைக்கும் சிகிச்சையை மாற்றும் சோதனைக்கும் உள்ள வேறுபாட்டை நோயாளியின் வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே இவற்றை எழுதுவதன் நோக்கம். நகையை அடகு வைத்துச் செய்த சோதனை எந்த முடிவையும் மாற்றாமல் கோப்பில் தூங்குவதும், சில ஆயிரம் ரூபாயில் சரியாகச் செய்திருக்க வேண்டிய சோதனை அரைகுறையாக நடந்திருப்பதும் நம் பகுதியில் அடிக்கடி காணக் கிடைப்பவை.

அம்மாவின் பயாப்ஸி ரிப்போர்ட் கையில் இருக்கிறது. நோயின் போக்கைச் சொல்லும் வரி அதில் எது?

ஒரே வரியாக இருக்காது. கட்டியின் அளவு, அக்குளில் எத்தனை நெறிக்கட்டிகளில் நோய் இறங்கியிருக்கிறது, செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியுள்ளன என்று காட்டும் கிரேடு 1, 2, 3 என்பதில் எது, ஹார்மோன் வந்து பற்றிக்கொள்ளும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் புரொஜெஸ்ட்ரான் ஏற்பியும் செல்களில் இருக்கின்றனவா, ஹெர்-2 என்னும் புரதம் மிகுந்திருக்கிறதா ஆகிய அனைத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். ரிப்போர்ட்டில் ஏற்பிகள் இரண்டும் இ.ஆர்., பி.ஆர். என்று குறிக்கப்பட்டிருக்கும். முன்பெல்லாம் கட்டியின் அளவு, நெறி, பரவல் ஆகிய மூன்றை மட்டும் வைத்து ஸ்டேஜ் சொல்லப்பட்டது. 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக் குழுவின் எட்டாம் பதிப்பு, கிரேடையும் இ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 ஆகிய மூன்று குறிப்பான்களையும் ஸ்டேஜ் கணக்கிலேயே சேர்த்துவிட்டது. ஆகவே ஒரே அளவு கட்டி உள்ள இரண்டு பெண்களுக்கு வெவ்வேறு ஸ்டேஜ் எழுதப்பட்டிருந்தால் அதைத் தவறு என்று எண்ண வேண்டியதில்லை.

உலக அளவில் மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ளவை. இவற்றின் போக்கு பொதுவாக மெதுவானது. தினமும் விழுங்கும் ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படுவது. எனினும் பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்தும் திரும்பி வரக்கூடியது. மூன்று குறிப்பான்களும் இல்லாத ட்ரிப்பிள் நெகட்டிவ் வகையின் போக்கு இதற்கு நேர்மாறானது. அது திரும்புமானால் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளுக்குள் திரும்பிவிடும். அந்தக் காலத்தைக் கடந்துவிட்டவர்களுக்கு ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ட்ரிப்பிள் நெகட்டிவ் என்றாலே கதை முடிந்தது என்று வீட்டில் அழுபவர்களுக்கு இந்த இரண்டாம் பாதியையும் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

இந்த மூன்று குறிப்பான்களின் முடிவை முழுதாக நம்பலாமா?

சதையை எடுத்த விதமும் பாதுகாத்த விதமும் சரியாக இருந்தால் நம்பலாம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால், நோயின் போக்கைக் கணிக்க நம்மிடம் உள்ளவற்றில் செலவு குறைந்ததும் பயன் மிகுந்ததும் இந்தச் சோதனைதான்; சிறிய ஊர்களில் எளிதில் பாழாவதும் இதுதான்.

உடலிலிருந்து எடுத்த சதை ஒரு மணி நேரத்துக்குள், அதைக் கெடாமல் பதப்படுத்தும் 10 விழுக்காட்டுப் பஃபர் ஃபார்மலினில் இறங்க வேண்டும். அதில் குறைந்தது 6 மணி நேரமும் அதிகமாக 72 மணி நேரமும் இருக்கலாம். சதையின் கன அளவைப்போல் பத்து மடங்காவது ஃபார்மலின் ஊற்ற வேண்டும். பெரிய கட்டியாக இருந்தால் அதைக் குறுக்கே கீறித் திறந்து வைக்க வேண்டும்; ஃபார்மலின் சதைக்குள் மணிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் ஊடுருவும் என்பதால், கீறாமல் விட்ட கட்டியின் வெளிப்புறம் பதப்பட்டிருக்க உட்புறம் கெட்டுக்கொண்டிருக்கும். குறுகிய வாய் கொண்ட பாட்டிலில் கட்டியைத் திணித்து, அது மூழ்கும் அளவுக்குச் சலைனை ஊற்றி, நோயாளியின் மகனிடம் கொடுத்துச் சேலம் பேருந்தில் ஏற்றிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். சனிக்கிழமை எடுத்த சதை ஞாயிறு முழுவதும் மேசை மேல் இருந்து திங்கட்கிழமை லேபுக்குப் போவதும் உண்டு. இப்படிக் கெட்டுப்போன சதையில் இருக்கும் ஏற்பிகூட இல்லை என்று காட்டும். அப்போது மாத்திரையால் நெடுங்காலம் வாழ வாய்ப்புள்ள பெண்ணுக்கு அந்த மாத்திரையே எழுதப்படாமல் போய்விடும்.

ஆகவே வீட்டார் கவனிக்க வேண்டியது இரண்டு. கட்டியை அப்படியே அறுத்து எடுத்துவிட்டு அதன் பிறகு என்னவென்று பார்க்காமல், முதலில் ட்ரூகட் ஊசியால் சிறு துண்டுகள் எடுத்துச் சோதிக்க இயலுமா என்று கேளுங்கள். இந்த மெல்லிய துண்டுகள் விரைவாகவும் சீராகவும் பதப்படும். அடுத்து, சதை எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது, எத்தனை மணிக்கு ஃபார்மலினில் போடப்பட்டது என்பதைப் படிவத்தில் குறிக்கச் சொல்லுங்கள். இப்படிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பி 5 விழுக்காடு என்று போட்டிருக்கிறது. இது இருக்கிறது என்று பொருளா, இல்லை என்று பொருளா?

சோதித்த செல்களில் 1 விழுக்காடோ அதற்கு மேலோ நிறம் ஏறினாலே ஏற்பி உண்டு என்பதே ஏற்றுக்கொள்ளப்பட்ட வரையறை. ஆனால் 1 முதல் 10 விழுக்காடு வரை இருப்பதைக் குறைந்த அளவு என்று தனியாகக் குறிக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் வழிகாட்டுதல் சொல்கிறது. இவற்றுள் பல, நடத்தையில் ட்ரிப்பிள் நெகட்டிவ் வகையை ஒத்திருக்கும். ஹார்மோன் மாத்திரையும் கீமோவும் இரண்டுமே பேசப்பட வேண்டிய நிலை இது.

ஹெர்-2 முடிவு 2+ என்று வந்திருக்கிறது. மருத்துவர் இன்னொரு சோதனை கேட்கிறார். அவசியமா?

அவசியம். இதைத் தவிர்க்கவே கூடாது. 0, 1+ என்றால் ஹெர்-2 நெகட்டிவ். 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்றால் சொல்ல முடியவில்லை என்று பொருள். அப்போது ஃபிஷ் எனப்படும் மரபணுச் சோதனையே முடிவைச் சொல்லும்.

இந்த ஒரு புரதத்தின் வரலாறே குறிப்பான்களைப் பற்றி நிறையக் கற்றுத் தருகிறது. ஹெர்-2 மரபணு பெருகியிருக்கும் நோய் விரைவாகத் திரும்பி வருகிறது என்று டென்னிஸ் ஸ்லாமனும் உடன் பணியாற்றியவர்களும் 1987இல் வெளியிட்டபோது அது ஒரு கெட்ட செய்தியாக மட்டுமே இருந்தது. அந்தப் புரதத்தையே குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்துக்கு 1998இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த பிறகு, அதே முடிவு எந்த மருந்து வேலை செய்யும் என்று சொல்லும் செய்தியாகிவிட்டது. பெங்களூரைச் சேர்ந்த பயோகான் நிறுவனம் இதற்கு இணையான மருந்தை 2014இல் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு விலை மேலும் இறங்கியது. நெகட்டிவ் கணக்கில் வந்தாலும் புரதம் சிறிதளவு உள்ள 1+ நிலையும், ஃபிஷ் சோதனையில் பெருக்கம் இல்லாத 2+ நிலையும்கூட, நோய் பரவியவர்களின் சிகிச்சையில் 2022 முதல் பொருள் பெற்றுவிட்டன. ஆகவே ரிப்போர்ட்டில் நெகட்டிவ் என்று மட்டும் எழுதியிருந்தால், எண்ணையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

கேஐ-67 என்பது என்ன?

எத்தனை விழுக்காட்டுச் செல்கள் பெருகும் நிலையில் உள்ளன என்பதைக் காட்டும் எண். 5 விழுக்காடும் அதற்குக் கீழும், 30 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் நம்பிப் பயன்படுத்தலாம். இடைப்பட்ட எண்கள் லேபுக்கு லேப், எண்ணுபவருக்கு எண்ணுபவர் மாறுபடுகின்றன. 18 விழுக்காட்டுக்கும் 22 விழுக்காட்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் அக்காவுக்கு மார்பில் கட்டி இருக்கிறது. ரத்தத்தில் சி.ஏ. 15-3 பார்த்தோம், நார்மல். நிம்மதியாக இருக்கலாமா?

இருக்க முடியாது. சி.ஏ. 15-3 ஒரு டியூமர் மார்க்கர், அதாவது புற்றுச் செல்களிலிருந்து ரத்தத்தில் கலக்கும் ஒரு பொருள். தொடக்க நிலைப் புற்றுநோய் உள்ள பெண்களில் பெரும்பாலோருக்கு அது இயல்பான அளவில்தான் இருக்கும். கட்டி புற்றா இல்லையா என்பதை அறிய மேமோகிராம், அல்ட்ராசவுண்ட், பயாப்ஸி ஆகிய வழிகளே உண்டு. முழு உடல் பரிசோதனை என்ற பெயரில் விற்கப்படும் ரத்தச் சோதனைத் தொகுப்புகளில் இந்த மார்க்கரைச் சேர்த்திருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. நார்மல் என்ற அந்த ஒரு சொல்லை நம்பிக் கட்டியோடு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அக்காவை அழைத்துக்கொண்டு இந்த வாரமே மருத்துவரிடம் செல்லுங்கள்.

அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சி.ஏ. 15-3 பார்த்து வந்தால் நோய் திரும்புவதை முன்கூட்டியே பிடித்துவிடலாம் அல்லவா?

சிலருக்கு, உடலில் தொந்தரவு தெரிவதற்குச் சில மாதங்கள் முன்பே இந்த எண் ஏறத் தொடங்கும் என்பது உண்மை. அந்தச் சில மாத முன்னறிவிப்பால் ஆயுள் கூடியதா என்பதே முக்கியமான கேள்வி. இத்தாலியில் நடந்து 1994இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள், சிகிச்சை முடிந்த பெண்களில் ஒரு பிரிவினருக்கு அடிக்கடி ஸ்கேன்களும் சோதனைகளும் செய்தன. மற்றவர்களை உடல் பரிசோதனையுடனும் ஆண்டுக்கு ஒரு மேமோகிராமுடனும் விட்டன. உயிர்வாழ்வில் இரு பிரிவினருக்கும் இடையே வேறுபாடு இல்லை. அறிகுறி ஏதும் இல்லாதவர்களின் தொடர் கண்காணிப்புக்கு சி.ஏ. 15-3, சி.இ.ஏ. ஆகிய இரண்டு மார்க்கர்களையும் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் பரிந்துரைக்காததற்கு இதுவும் காரணம். அந்த ஆய்வுகளுக்குப் பிறகு மருந்துகள் பல வந்துவிட்டன, ஆகவே முடிவு மாறலாம் என்ற வாதம் நியாயமானதே. மாறியதாக நிறுவும் வரை, நோயாளிக்குக் காசும் தூக்கமும் போகும் வழியை நாம் பரிந்துரைக்க முடியாது.

முதல் 3 ஆண்டுகள் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறையும், அடுத்த 2 ஆண்டுகள் 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் மருத்துவரைப் பார்ப்பதும், ஆண்டுதோறும் மேமோகிராம் எடுப்பதும் போதுமானவை. இடையில் விடாத எலும்பு வலி, மூச்சிரைப்பு, மஞ்சள் காமாலை, தீராத தலைவலி, தழும்பின் மேல் புதிய கட்டி ஆகியவற்றில் ஏதாவது தென்பட்டால் அடுத்த முறை வரும் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது.

நோய் எலும்புக்குப் பரவியிருக்கிறது. புதிய மருந்து தொடங்கி மூன்று வாரத்தில் சி.ஏ. 15-3 இன்னும் ஏறிவிட்டது. மருந்து கேட்கவில்லையா?

அப்படி முடிவு கட்ட வேண்டாம். நோய் பரவியவர்களுக்குத்தான் இந்த மார்க்கர் உண்மையில் உதவுகிறது. ஆனால் சிகிச்சை தொடங்கிய முதல் 4 முதல் 6 வாரங்களில், மருந்தால் செல்கள் அழியும்போதே அளவு தற்காலிகமாக ஏறுவது உண்டு. ஸ்கேனோடும் நோயாளியின் உடல்நிலையோடும் சேர்த்துப் பார்த்தே மருந்தை மாற்ற வேண்டும்.

ஒவ்வொரு முறையும் ஒரே லேபில், ஒரே முறையில் பாருங்கள். ஈரல் நோயும் வைட்டமின் பி-12 குறைவால் வரும் ரத்தசோகையும் இந்த எண்ணை உயர்த்தக்கூடும். கீமோவில் முடி கொட்டியதற்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை லேபிலும் மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். பல லேப் கருவிகளின் சோதனை முறையில் பயோட்டின் குறுக்கிட்டு முடிவைப் பொய்யாக்கிவிடும்.

பெட் ஸ்கேன் எதைப் பார்க்கிறது?

சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் பெரும்பாலும் வடிவத்தைப் பார்க்கின்றன. பெட் செல்லின் செயலைப் பார்க்கிறது. புற்றுச் செல்கள் மிகுதியான சர்க்கரையை உறிஞ்சுகின்றன என்பதை 1920களில் ஓட்டோ வார்பர்க் கண்டறிந்தார். அந்தப் பசியைத்தான் இந்த ஸ்கேன் பயன்படுத்துகிறது. கதிரியக்க ஃப்ளூரின்-18 சேர்த்த எஃப்.டி.ஜி. என்னும் சர்க்கரையை ஊசியில் ஏற்றினால், அது எங்கெங்கு சேர்கிறதோ அந்த இடங்கள் படத்தில் ஒளிரும். உடன் எடுக்கப்படும் சி.டி. அது எந்த இடம் என்று காட்டும்.

சர்க்கரையை இழுப்பவை எல்லாம் புற்று அல்ல என்பது நம் நாட்டில் கூடுதல் கவனத்துக்குரியது. காசநோய் உள்ள நெறிக்கட்டி புற்றைப்போலவே ஒளிரும். ஆறாத அறுவைப் புண்ணும், அண்மையில் தடுப்பூசி போட்ட கையின் அக்குள் நெறிகளும் ஒளிரும். கீமோவுக்குப் பிறகு வெள்ளணுக்களைக் கூட்டப் போடும் ஊசியால் எலும்பு மஜ்ஜை முழுவதுமே பளிச்சிடும். மறுபுறம், பால் சுரக்கும் நுண்மடல்களில் தொடங்கும் லோபுலர் வகைப் புற்றும் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான சிறு கட்டிகளும் மங்கலாகத் தெரியலாம், தெரியாமலும் போகலாம். மூளை இயல்பிலேயே சர்க்கரையை மிகுதியாக உண்பது என்பதால் அங்குள்ள பரவலை அறிய எம்.ஆர்.ஐ. வேண்டும். இவற்றையெல்லாம் கருதியே, பெட் படத்தில் ஓரிடம் மட்டும் ஒளிர்ந்து, அதனால் ஸ்டேஜ் நான்காக மாறப்போகிறது என்றால், கூடுமானவரை அந்த இடத்தில் ஊசியால் சதை எடுத்து உறுதி செய்த பிறகே முடிவெடுக்கிறார்கள்.

அப்படியானால் எல்லோரும் பெட் எடுக்க வேண்டுமா?

வேண்டாம். சிறிய கட்டி, அக்குளில் நெறி இல்லை, உடலில் வேறு தொந்தரவும் இல்லை என்ற நிலையில் பெட், சி.டி., எலும்பு ஸ்கேன் எவையும் தேவையில்லை என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2012இலேயே அறிவுறுத்தியது. அந்த நிலையில் பரவல் அகப்படும் வாய்ப்பு மிகக் குறைவு. பொய்யான ஒளிர்வு அகப்பட்டு, அதைத் துரத்திக்கொண்டு பயாப்ஸி மேல் பயாப்ஸி என்று அலையும் வாய்ப்பே கூடுதல்.

கட்டி பெரிதாகி, தோலைப் பிடித்து, அக்குள் நெறிகளிலும் இறங்கிய நிலை வேறு. கனடாவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு ஒன்றில், இத்தகைய பெண்களில் பெட்-சி.டி. எடுத்தவர்களில் 23 விழுக்காட்டினருக்கும், வழக்கமான சி.டி.யும் எலும்பு ஸ்கேனும் எடுத்தவர்களில் 11 விழுக்காட்டினருக்கும் நோய் தொலைவில் பரவியிருப்பது தெரியவந்தது. நம் மாவட்டங்களில் பெண்கள் கட்டியை வெளியில் சொல்லாமல் நாள் கடத்தி, வளர்ந்த நிலையில் வருவது இன்னும் மிகுதியாக இருப்பதால், பெட் பயன்படக்கூடியவர்களும் இங்கே குறைவல்ல. காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை பெறுபவர்கள், கையிலிருந்து பணம் கட்டுவதற்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் விசாரித்துவிட வேண்டும். ஸ்கேன் எடுத்த பிறகு அனுமதி கேட்பது பயன் தராது.

ரிப்போர்ட்டில் எஸ்.யூ.வி. 14 என்று இருக்கிறது. எண் கூடினால் ஆயுள் குறைவு என்று பொருளா?

எஸ்.யூ.வி. என்பது ஓரிடம் எஃப்.டி.ஜி. சர்க்கரையை எவ்வளவு இழுக்கிறது என்பதன் அளவு. தனி எண்ணுக்கு அத்தனை பொருள் இல்லை. பொதுவாகக் கிரேடு 3, ட்ரிப்பிள் நெகட்டிவ் போன்ற வேகமான கட்டிகளின் எஸ்.யூ.வி. கூடுதலாக இருக்கும், கூட்டமாக எடுத்துப் பார்த்தால் அதற்கும் நோயின் போக்குக்கும் தொடர்பு உண்டு. ஆனால் அன்றைய ரத்தச் சர்க்கரை, ஊசிக்கும் ஸ்கேனுக்கும் இடைப்பட்ட நேரம், ஸ்கேன் கருவி ஆகியவை மாறினாலே அந்த எண்ணும் மாறும்.

சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்களுக்கு இடையே அந்த எண் எவ்வளவு இறங்கியது என்பது இதைவிட வலிமையான செய்தி. அறுவைக்கு முன் கீமோ கொடுக்கும்போது, ஒன்றிரண்டு சுழற்சிகளிலேயே ஒளிர்வு நன்கு இறங்கியவர்களுக்கு, அறுவையின்போது கட்டி முழுவதுமாக மறைந்திருக்கும் வாய்ப்பு கூடுதல். ட்ரிப்பிள் நெகட்டிவ், ஹெர்-2 வகைகளில் அப்படி முழுதாக மறைவது நல்ல எதிர்காலத்துக்கான நம்பகமான அடையாளம். ஐரோப்பாவில் நடந்த ஃபெர்கெய்ன் ஆய்வு இதை ஒரு படி மேலே கொண்டு சென்றது. ஹெர்-2 நோயாளிகளுக்குக் கீமோ இல்லாமல் இலக்கு மருந்துகளை மட்டும் இரண்டு சுழற்சிகள் கொடுத்து, பெட்டில் இறக்கம் தெரிந்தவர்களுக்கு அதையே தொடர்ந்தார்கள். இறங்காதவர்களுக்குக் கீமோவைச் சேர்த்தார்கள். இந்த வழியில் சென்ற பிரிவினரில் 94.8 விழுக்காட்டினர் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு நோய் திரும்பாமல் இருந்தனர். அவர்களில் ஒரு பகுதியினர் கீமோவே பெறவில்லை. இது இன்னும் அன்றாட நடைமுறையாகிவிடவில்லை. ஆயினும் ஸ்கேன் எதற்குப் பயன்பட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது: அது ஆயுளைச் சொல்வதோடு நிற்கவில்லை, சில பெண்களைத் தேவையற்ற கீமோவிலிருந்து காத்தது.

மருந்து எடுத்தும் அறுவையின்போது நோய் மிச்சமிருந்தால் அதுவும் வழி காட்டும் செய்தியே. ட்ரிப்பிள் நெகட்டிவ் வகைக்குக் கேப்சைட்டபின் மாத்திரையும், ஹெர்-2 வகைக்கு டி-டி.எம்.1 மருந்தும் கொடுத்தால் மீண்டும் வரும் ஆபத்து குறைகிறது என்று பெரிய ஆய்வுகள் நிறுவியுள்ளன.

எலும்பு ஸ்கேனில் உடம்பு முழுவதும் எலும்பு கறுத்துத் தெரிகிறது, பரவிவிட்டது என்கிறார்கள். நாங்கள் பென்னாகரம் பக்கம். வேறு காரணம் இருக்க முடியுமா?

இருக்க முடியும், கேட்டது நல்லதே. டெக்னீசியம்-99எம் கொண்டு எடுக்கும் எலும்பு ஸ்கேன், புதிதாக எலும்பு உருவாகும் இடங்களையெல்லாம் காட்டும். புற்று பரவிய இடத்தில் மட்டும் அது நிகழ்வதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுதி என்பதும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே கொண்டுவரப்பட்டது என்பதும் இங்குள்ளவர்கள் அறிந்தவை. அந்தக் குடிநீர் வருவதற்கு முன்பே ஐம்பது வயதைக் கடந்த பெண்கள், வாழ்நாளின் பெரும்பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்தவர்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்புக்கு மிகவும் மேலான ஃப்ளோரைடு பல ஆண்டுகளாக உடலில் சேர்ந்தால் எலும்பு தடித்து, மூட்டுகள் இறுகி, முதுகு வளையாமல் போகும். எலும்பு ஸ்கேனில் எலும்புக்கூடு முழுவதுமே மருந்தை இழுத்துக்கொண்டு, சிறுநீரகம் சரியாகத் தெரியாத அளவுக்குக் கறுத்துக் காட்டலாம். புற்று எலும்பெங்கும் பரவினாலும் ஏறத்தாழ இதே தோற்றம் வரக்கூடும்.

பிரித்தறியும் வழிகள் உண்டு. ஃப்ளோரைடு பாதிப்பு பெரும்பாலும் உடலின் இரு பக்கமும் சீராக இருக்கும். புற்று திட்டுத்திட்டாக இருக்கும். முன்கை எக்ஸ்ரேயில் இரு எலும்புகளுக்கு இடைப்பட்ட சவ்வில் சுண்ணாம்பு படிந்திருப்பது ஃப்ளோரைடு பாதிப்பின் தெளிவான அடையாளம். பல்லில் பழுப்புக் கறை இருந்தால் சிறு வயதிலேயே அந்த நீரைக் குடித்தவர் என்று தெரியும். ஐயம் தீரவில்லை என்றால் சி.டி., எம்.ஆர்.ஐ., கடைசியில் எலும்பு பயாப்ஸி வரை போகலாம். பெங்களூரிலோ சென்னையிலோ படத்தைப் படிக்கும் மருத்துவருக்கு நோயாளியின் ஊர்த் தண்ணீர் தெரிந்திருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. ஆகவே எந்த ஊர், எத்தனை ஆண்டுகள் போர் தண்ணீர் குடித்தீர்கள், முதுகும் மூட்டும் எப்போதிலிருந்து இறுகியிருக்கின்றன என்பதை ஸ்கேன் படிவத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ஸ்டேஜ் நான்கு என்று முத்திரை விழுந்துவிட்டால், குணமாக்கும் நோக்கத்துடன் தரப்பட வேண்டிய சிகிச்சையே கைவிடப்படலாம் என்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

பெட் ஸ்கேனுக்கு அரூரிலிருந்து போகிறோம். என்னென்ன கவனிக்க வேண்டும்?

நேரம்தான் முதலில். ஃப்ளூரின்-18 ஏறத்தாழ 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும். அதைச் சேமித்து வைக்க முடியாது. உங்களுக்குக் கொடுத்த நேரத்தை ஒட்டியே அன்றைய மருந்து வருவதால், முடிந்தால் முந்தைய இரவே சென்று தங்குவது நல்லது. 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கலாம், டீயும் இளநீரும் கூடாது. சர்க்கரை நோயாளிகள் மாத்திரை, இன்சுலின் பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்; ரத்தச் சர்க்கரை 200க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் தேதியை மாற்றிவிடுவார்கள். நோயுள்ள மார்புக்கு எதிர்ப்பக்கக் கையில் ஊசி போடச் சொல்லி நினைவூட்டுங்கள். ஊசி மருந்து சற்றுக் கசிந்தாலும் அக்குள் நெறி பொய்யாக ஒளிரும். ஊசிக்குப் பிறகு ஒரு மணி நேரம் பேசாமல், நடக்காமல், போர்த்திக்கொண்டு படுத்திருக்க வேண்டும். குளிரில் நடுங்கினால் கழுத்துக் கொழுப்பு ஒளிரும். அன்று மாலை வரை கைக்குழந்தையையும் கர்ப்பிணிகளையும் நெருங்காமல் இருப்பது முறை.

கட்டியின் மரபணுச் சோதனை யாருக்குப் பயன்படும்?

ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உண்டு, ஹெர்-2 இல்லை, கீமோ தேவையா இல்லையா என்று மருத்துவரே தயங்குகிறார் என்ற நிலையில் உள்ளவர்களுக்கு. ஆங்காடைப் டி.எக்ஸ். என்ற 21 மரபணுச் சோதனையைக் கொண்டு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த டெய்லர்-எக்ஸ் ஆய்வு 2018இல் வெளியானது. நோய் நெறியில் பரவாத, அந்தச் சோதனையின் மதிப்பெண் 11 முதல் 25 வரை உள்ள பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை மட்டுமே போதும் என்று அது காட்டியது. 50 வயதுக்கு உட்பட்டவர்களில் மதிப்பெண் 16 முதல் 25 வரை உள்ளவர்களுக்கு மட்டும் கீமோவால் ஓரளவு பயன் தெரிந்தது. சோதனையின் விலை மிக அதிகம். பெங்களூரில் உருவான கேன்அசிஸ்ட் என்ற சோதனை ஐந்து புரதங்களைப் பார்த்து இதே கேள்விக்குக் குறைந்த செலவில் பதில் தேடுகிறது. ட்ரிப்பிள் நெகட்டிவ் நோயாளிகளுக்கு இவை தேவையில்லை. அவர்கள் கேட்க வேண்டியது, புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் மரபணு மாற்றம் பரம்பரையாக வந்திருக்கிறதா என்று பார்க்கும் பி.ஆர்.சி.ஏ. சோதனை, அது மகள்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் சேர்த்துப் பயன்படும்.

ரத்தத்திலேயே புற்றுச் செல்லைத் தேடும் சோதனை வந்துவிட்டதாமே?

வந்திருக்கிறது. நோய் பரவியவர்களின் 7.5 மில்லிலிட்டர் ரத்தத்தில் ஐந்தோ அதற்கு மேலோ புற்றுச் செல்கள் இருந்தால் போக்கு கடுமையாக இருக்கும் என்று 2004லேயே தெரிந்துவிட்டது. ஆனால் முதல் சுழற்சிக்குப் பிறகும் அந்த எண்ணிக்கை குறையாதவர்களுக்கு உடனே வேறு கீமோவுக்கு மாற்றிப் பார்த்த 2014ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வில் ஆயுள் கூடவில்லை. கணிப்பு சரியாக இருந்தது, அதைக் கொண்டு செய்ய எதுவும் இருக்கவில்லை. ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டி.என்.ஏ.வைத் தேடும் புதிய சோதனைகள் இன்னும் நுட்பமானவை. அவற்றையும், முடிவு சிகிச்சையை மாற்றிப் பயன் தருமா என்ற இதே கேள்வியோடுதான் அணுக வேண்டும்.

எல்லா ரிப்போர்ட்டும் பார்த்த பிறகாவது எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாதா?

நூறு பேரில் எத்தனை பேர் என்று சொல்லலாம். அந்த நூறில் உங்கள் அம்மா எந்தப் பக்கம் என்று எந்த ஸ்கேனும் சொல்லாது. மேலும், அந்தக் கணிப்புகள் எல்லாம் சிகிச்சையை முழுதாக எடுத்தவர்களிடமிருந்து வந்தவை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ளவர்கள் டமாக்சிஃபென் மாத்திரையை ஐந்து ஆண்டுகள் எடுத்தால், அந்த நோயால் இறக்கும் ஆபத்து அடுத்த பல ஆண்டுகளுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அந்த மாத்திரையின் விலை சொற்பம். உடம்பு நன்றாகிவிட்டது என்றோ சூடு என்றோ இரண்டாம் ஆண்டிலேயே அதை நிறுத்திவிட்டு, நோய் வந்துவிட்டதா என்று பார்க்க மட்டும் ஸ்கேனுக்குப் போகிறவர்களை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

நான்கு ஆண்டு கழித்து நுரையீரலில் நோய் வந்திருக்கிறது. பழைய ரிப்போர்ட்டை வைத்தே மருந்து தொடங்கலாமா?

இயன்றவரை புதிய இடத்தில் மீண்டும் பயாப்ஸி எடுக்க வேண்டும். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் நிலை மாறியிருக்கும். ஹெர்-2 நிலையும் சிலருக்கு மாறும். அது காசநோயாகவோ வேறொரு புற்றாகவோ இருப்பதும் உண்டு. ஃப்ளூரின்-18 சேர்த்த ஈஸ்ட்ரடயால் என்னும் ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோனைக் கொண்டு உடல் முழுவதும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி எங்கே இருக்கிறது என்று காட்டும் பெட் முறைக்கு 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்துள்ளது. ஊசி எட்டாத இடத்தில் நோய் இருப்பவர்களுக்கு அது பயன்படும். நம் பக்கத்தில் அது இன்னும் வழக்கமான சோதனை அல்ல.

பழைய சதையும் வேண்டியிருக்கும். முதல் பயாப்ஸியின் சதை, பாரஃபின் மெழுகில் பதித்த சிறு கட்டையாக, பிளாக் என்ற பெயரில் லேபில் இருக்கும். எழுதிக் கேட்டால் பெற்றுக்கொள்ளலாம். பிளாக் எண்ணைச் சரிபார்த்து, ஸ்லைடுகளையும் ரிப்போர்ட்டின் நகலையும் சேர்த்தே வாங்குங்கள். புதிய மருத்துவமனையில் கொடுக்கும்போது அத்தாட்சி வாங்கிக்கொண்டு, வேலை முடிந்ததும் திரும்பப் பெறுங்கள். வழியில் அதை வெயில் படும் கார்க் கண்ணாடிக்குக் கீழே வைக்க வேண்டாம். அந்த மெழுகு 60 டிகிரிக்குள்ளாகவே உருகிவிடும்.